ஃப்ருவாசார் எழுதியது வரலாறா, விருந்துக் கதையா?

2 மார்ச் 2024, வாசகர் ஒருவரின் கேள்வி

இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போரைப் பற்றி எதைப் படித்தாலும் ழான் ஃப்ருவாசார் என்ற பெயர் வந்து நிற்கிறது. ஆங்கிலேயர் பிரெஞ்சுப் படையை முறியடித்த கிரெசிப் போர் நடந்த 1346-இல் இவருக்குப் பத்து வயதுகூட ஆகியிருக்காது. அரசர்களும் பிரபுக்களும் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, அவர்கள் சொன்ன வீரப்பிரதாபங்களை எழுதிவைத்தவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் தரும் எண்ணிக்கைகளை யாரும் அப்படியே ஏற்பதும் இல்லை. அப்புறம் ஏன் வரலாற்றாசிரியர் என்று மேற்கோள் காட்டுகிறார்கள்? கதாசிரியர் வரிசையில் உட்காரவைத்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

2 மார்ச், இரவு 10.40

முதலில் ஒரு சொல். ஃப்ருவாசாரின் நான்கு பாக நூலை நான் நாளாகமம் என்றே குறிப்பிடப்போகிறேன். விவிலியத்தில் அரசர்களின் வரலாற்றைச் சொல்லும் நூலுக்குத் தமிழில் வழங்கும் பெயர் அது. இதற்கும் அதைவிடப் பொருத்தமான சொல் எனக்கு அகப்படவில்லை.

சோற்றுக் குற்றச்சாட்டு உண்மைதான், ஆனால் பாதிதான் உண்மை. அவர் பிறந்த வலான்சியென், எனோ என்ற சிற்றரசின் நகரம். பிரெஞ்சு பேசி பிரெஞ்சிலேயே எழுதினார் என்றாலும் அவர் பிரான்ஸ் அரசரின் குடிமகன் அல்லர். இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டை மணந்த பிலிப்பா அரசி அதே எனோவைச் சேர்ந்தவர் என்பதால், 1360-களில் லண்டனுக்குப் போய் அவருடைய ஆதரவில் இருந்தார். 1369-இல் அரசி இறந்த பிறகு சொந்த மண்ணுக்குத் திரும்பி, பிரபாந்துக் கோமகன் வென்செஸ்லாஸையும், அவருக்குப் பின் பிரான்ஸ் தரப்பைச் சேர்ந்த கீ து புளுவாவையும் அண்டி வாழ்ந்தார். ஆகவே சோறு போட்டவர்கள் போரின் இரு தரப்பிலும் இருந்தார்கள். அந்தக் காலத்தில் இரு தரப்புச் சமையலறைகளையும் அறிந்த எழுத்தாளர்கள் அதிகம் பேர் இல்லை.

இன்னொன்று, அவருக்குக் கண் இருந்தது. முதல் பாகத்தில் ஸ்காட்லாந்துப் படையினரைப் பற்றி வரும் பகுதியைப் படித்துப் பாருங்கள். அவர்கள் வண்டி கட்டிக்கொண்டு போருக்குப் போவதில்லை; ரொட்டியும் சுமந்து செல்வதில்லை. சேணத்துக்கு அடியில் ஒரு தட்டையான இரும்புத் தகடு, பின்னால் ஒரு சிறு பையில் ஓட்ஸ் மாவு, அவ்வளவுதான். அரைவேக்காட்டு இறைச்சியைத் தின்று தின்று வயிறு கெட்டுப்போனால், தகட்டை நெருப்பில் வைத்து, மாவைத் தண்ணீரில் கரைத்து, அடை போல ஒன்றைச் சுட்டுத் தின்பார்கள். நேரில் பார்த்த ஒருவனால்தான் இப்படி எழுத முடியும். என்னை முதன்முதலில் ஃப்ருவாசாரிடம் இழுத்துச் சென்றது இந்த அடைதான்.

3 மார்ச், காலை 7.15

நேற்றிரவு எழுதியதில் ஒரு பெரிய தவறு இருக்கிறது, தூக்கத்தில்தான் உறைத்தது. அந்த அடையை ஃப்ருவாசார் பார்க்கவில்லை. அது ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு எதிராக ஆங்கிலேயர் நடத்திய 1327-ஆம் ஆண்டுப் படையெடுப்பு. அவர் பிறப்பதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முந்தியது. பார்த்தவர் லியேழ் நகரத்துத் தேவாலயக் கனோனாக (பேராலயக் குருக்களில் ஒருவராக) இருந்த ழான் ல பெல். எனோவின் ழான் பிரபுவோடு அந்தப் படையில் போய், மழையில் நனைந்து, பசியில் வாடி, பல ஆண்டுகள் கழித்து அதை எழுதியவர். ஃப்ருவாசார் அந்தப் பக்கங்களை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார். நேரில் பார்த்த ஒருவனால்தான் எழுத முடியும் என்றேனே, அந்த வாக்கியம் சரிதான், ஆள்தான் வேறு.

இந்தத் தவறை நான் மட்டும் செய்யவில்லை என்று சொல்லிக்கொள்வதில் ஓர் அற்ப ஆறுதல். ழான் ல பெல்லின் நூல் நெடுங்காலம் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. 1861-இல்தான் ஷலோன் நகர நூலகத்தில் ஒரே ஒரு கையெழுத்துப் படி கண்டெடுக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எவ்வளவு எடுத்தார், எதை மாற்றினார் என்று பார்க்க முடிந்தது.

அவர் மறைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்னுரையிலேயே ழான் ல பெல்லின் பெயரைச் சொல்லி, அவர் நூலை அடிப்படையாக வைத்துக்கொண்டுதான் தொடங்குவதாக எழுதுகிறார். பழையவர் எழுதியதன் மேல் கட்டுவது அன்று திருட்டு எனப்படவில்லை.

3 மார்ச், பிற்பகல்

காலையில் எழுதியதோடு இதையும் சேர்த்திருக்க வேண்டும். எடுத்துக்கொண்டார் என்றேன், எடுக்க மறுத்த இடம் ஒன்றும் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்றாம் எட்வர்ட் சால்ஸ்பரிச் சீமாட்டியைப் பலாத்காரம் செய்ததாக ழான் ல பெல் எழுதியிருக்கிறார். அதுவும் தாம் மிகவும் மெச்சிய அரசரைப் பற்றி, மனவருத்தத்தோடு. ஃப்ருவாசாரின் நூலில் அமியான் நகரப் படி என்று அறியப்படும் வடிவத்தில், ழான் ல பெல் இப்படி எழுதியிருப்பதைக் குறிப்பிட்டு, தாம் இங்கிலாந்தில் நெடுநாள் பழகியவர் என்றும், பெரிய பிரபுக்களின் வீடுகளில் விசாரித்தும் அப்படி ஒரு பேச்சைக் கேட்டதே இல்லை என்றும் மறுக்கிறார். அந்த இடத்தில் அரசரும் சீமாட்டியும் சதுரங்கம் ஆடும் காட்சி ஒன்று வருகிறது.

மறுப்பு உண்மையா என்பது வேறு கேள்வி. அரசியின் சோற்றைத் தின்றவர் அரசரின் மானத்தைக் காப்பாற்றினார் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படிச் சந்தேகப்படுகிறேன். பலாத்காரத்தைப் பற்றிப் பிரபுக்களின் வீடுகளில் விசாரித்தால் என்ன விடை கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் பேசாமல் விட்டுவிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. குற்றச்சாட்டை எடுத்துச் சொல்லி, யார் சொன்னது என்றும் சொல்லி, தாம் எங்கே விசாரித்தேன் என்பதையும் எழுதிவிட்டுத்தான் மறுக்கிறார். அவரை நம்பாமலிருக்க நமக்கு வேண்டிய கருவியை அவரே கையில் தருகிறார்.

5 மார்ச், இரவு

எண்ணிக்கைக்கு வருகிறேன். ஒருமுறை வட பிரான்சில் கிரெசிக்குப் போயிருந்தேன். எட்வர்ட் நின்று போரைப் பார்த்ததாகச் சொல்லப்படும் காற்றாலை இருந்த மேட்டில் இப்போது மரத்தால் ஒரு பார்வைக் கோபுரம் கட்டியிருக்கிறார்கள். ஏறி நின்றால் கீழே சரிவான வயல், அதற்கப்பால் வானம். முப்பதாயிரம் பிணங்கள் என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த வயலைப் பார்த்தேன். எண்ணும் வயலும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை.

அந்த முப்பதாயிரம் எங்கிருந்து வந்தது என்பதை ஃப்ருவாசாரே சொல்கிறார். போர் நடந்தது 26 ஆகஸ்ட் 1346. அது முடிந்த பின், இறந்தவர்களைக் கணக்கெடுக்க எட்வர்ட் இரண்டு பிரபுக்களை அனுப்புகிறார். உடன் மூன்று கட்டியக்காரர்கள், எழுதிக்கொள்ள இரண்டு எழுத்தர்கள். நாள் முழுக்க வயலில் திரிந்து, அரசர் இரவு உணவுக்கு அமரும் நேரத்தில் திரும்பிவந்து கணக்கை ஒப்பிக்கிறார்கள்: பெருந்தலைவர்கள் 11 பேர், தனிக்கொடி உடையவர்கள் 80 பேர், நைட் பட்டம் பெற்ற குதிரைவீரர்கள் 1,200 பேர், மற்றவர்கள் சுமார் 30,000 பேர்.

கட்டியக்காரருடைய தொழில் என்ன? கேடயத்திலும் மேலங்கியிலும் தீட்டிய குலச்சின்னத்தைப் பார்த்து, இன்னார் இன்ன குடும்பம் என்று சொல்வது. முகம் சிதைந்து கிடந்தாலும் சின்னம் பேசும். ஆகவே சின்னம் உள்ளவனை எண்ண முடிந்தது. படையோடு இருந்த மைக்கேல் நார்த்பரோ என்ற அரசவைக் குரு அப்போதே எழுதிய கடிதத்தில், சாமானியரையும் காலாட்களையும் சேர்க்காமல் 1,542 பேர் என்று இருக்கிறது. ஃப்ருவாசாரின் மேல்தட்டுக் கணக்கு அதற்கு வெகுதொலைவில் இல்லை. சின்னம் இல்லாத ஜெனோவா வில்லாளியையும், ஊர்களிலிருந்து திரட்டப்பட்ட காலாளையும் எழுத்தர் எந்தப் பெயரில் எழுதுவார்? அவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு முழு எண், முப்பதாயிரம். ஒரே வாக்கியத்தில் பாதி கணக்கெடுப்பு, பாதி கையசைப்பு.

நான் இளம்வயதில் ஒரு நாளிதழில் செய்தியாளனாக இருந்தேன். ஒரு பேருந்து விபத்துக்கு என்னை அனுப்பினார்கள். தேநீர்க் கடைக்காரர் நாற்பது பேர் என்றார், இறந்தவர்களைத் தூக்கிக் கிடத்திய இளைஞன் இருபது என்றான், மருத்துவமனைப் பதிவேட்டில் பதினொன்று. பதிவேட்டு எண்ணைத்தான் எழுதினேன், அது சரியும்கூட. ஆனால் பயணச்சீட்டு வாங்காமல் கூரை மேல் ஏறியிருந்த இரண்டு கூலியாட்களின் பெயர் அந்தப் பதிவேட்டில் இல்லை என்பதை மறுவாரம்தான் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து, ஓர் எண்ணைப் பார்த்தால் அதை எண்ணியவன் எதைப் பார்த்து எண்ணினான் என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது.

6 மார்ச்

பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஃப்ருவாசார் என்பதே நெருக்கமானது. நான் பல ஆண்டுகள் ஃபிராய்சார்ட் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன், யாரும் திருத்தவில்லை. அவரும் அயல்நாட்டுப் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதி, ஆளே அடையாளம் தெரியாமல் ஆக்கியவர்தான். ஆகையால் கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

9 மார்ச்

இன்று சற்று நீளமாக எழுதப்போகிறேன். அவருடைய வேலைமுறையைத் தெரிந்துகொள்ள விரும்பினால் 1388-ஆம் ஆண்டுப் பயணத்தைப் பார்க்க வேண்டும்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர் இருந்த வடபகுதியில் போர் ஓய்ந்திருக்கிறது. எழுதப் புதிதாக ஒன்றும் இல்லை. தெற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில், ஃபுவாச் சிற்றரசர் காஸ்தோன் ஃபெபுஸின் அரண்மனைக்கு எல்லா நாட்டு வீரர்களும் வந்துபோகிறார்கள் என்று கேள்விப்படுகிறார். கீ து புளுவாவிடம் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு, பரிசாக நான்கு வேட்டைநாய்களையும் பிடித்துக்கொண்டு கிளம்புகிறார். நாய்களின் பெயர்களைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை: திரிஸ்தான், எக்தோர், பிரன், ரோலான்.

பாமியே என்ற ஊரில் எஸ்பான் து லியோன் என்னும் நைட் துணைக்குக் கிடைக்கிறார். ஓர்தேஸ் வரை இருவரும் சேர்ந்து குதிரையில் போகிறார்கள். வழியில் ஒரு கோட்டை தெரிந்தால் இது யாருடையது, எப்போது முற்றுகையிட்டார்கள், யார் காட்டிக்கொடுத்தார் என்று இவர் கேட்கிறார், அவர் சொல்கிறார். ஊர் ஊராக, ஆறு ஆறாகப் போரின் கதை வழியிலிருந்தே எழுந்து வருகிறது. விடுதியில் இறங்கியதும், மாலையானாலும் காலையானாலும், கேட்டதை எழுதிவைத்துவிடுவதாகவும், எழுத்தைப் போல நினைவைப் பிடித்துவைப்பது வேறில்லை என்றும் சொல்கிறார். செய்தியாளனாக இருந்த எவனுக்கும் இது புரியும். அறைக்குத் திரும்பிய பிறகு, சட்டையைக்கூடக் கழற்றாமல், மறப்பதற்குள் எழுதிவிடும் அந்தப் பதற்றம் எனக்கு நன்றாகவே தெரியும்.

ஓர்தேஸ் அரண்மனையில் இரவு உணவு நள்ளிரவில்தான். சிற்றரசர் தம் அறையிலிருந்து வரும்போது பன்னிரண்டு ஏவலாளர்கள் பன்னிரண்டு தீவட்டிகளை ஏந்தி முன்னால் வருவார்கள். உணவுக்குப் பிறகு ஃப்ருவாசார் தாம் எழுதிய மெலியாதோர் என்ற நெடுங்கதைப் பாட்டை வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது யாரும் வாய் திறக்கக்கூடாது. ஐயம் வந்தால் சிற்றரசர் தம் காஸ்கோன் மொழியில் கேட்காமல் நல்ல பிரெஞ்சிலேயே கேட்பாராம். ஆக, நீங்கள் சொன்ன விருந்துக் கதை இங்கே உண்மையாகவே நடக்கிறது. ஆனால் அவர் கதை வாசித்தது மேலே அரண்மனையில். கதை கேட்டது பெரும்பாலும் கீழே, தாம் தங்கியிருந்த நிலா விடுதியில்.

அந்த விடுதியில் ஒரு நாள், நள்ளிரவு உணவுக்கு அழைப்பு வரும் வரை அடுப்பருகில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது, பாஸ்கோ து மொலியோன் என்ற கூலிப்படைத் தலைவனோடு பேச்சுக் கொடுக்கிறார். ஐம்பது வயதைக் கடந்தவன். பெரும் பிரபு போல வந்து இறங்கியிருக்கிறான். அவனும் அவன் ஆட்களும் வெள்ளித் தட்டில் சாப்பிடுகிறார்கள். 1356-இல் புவாத்தியேப் போரில் முதன்முதலாக ஆயுதம் ஏந்தியதிலிருந்து தொடங்குகிறான். சில காலம் ஏறிச் செல்லக் குதிரைகூட இல்லாத வறுமை, சில காலம் கை கொள்ளாத செல்வம் என்று ஒளிக்காமல் சொல்கிறான். ஆல்பிக்கு அருகிலுள்ள துரி என்ற இடத்தைப் பிடித்த கதைதான் உச்சம். ஊருக்கு வெளியே ஒரு நீரூற்று; விடியலில் பெண்கள் குடத்தோடு வருவார்கள். இவனும் தோழர்கள் சிலரும் பெண்ணுடை அணிந்து, முகத்தை மூடி, குடம் நிரப்பிக்கொண்டு வாசல் வழியே உள்ளே நடந்துவிடுகிறார்கள். பிறகு ஊதுகொம்பை ஊதி மறைந்திருந்தவர்களை அழைக்கிறார்கள். அந்த இடம் மீட்புப் பணமும் சூறையுமாகத் தனக்கு ஒரு லட்சம் பிராங்கு பெற்றுத் தந்தது என்று கணக்கும் சொல்கிறான்.

வீரமும் மானமும் நிறைந்த செயல்களைப் பதிவு செய்வதற்காகவே எழுதுகிறேன் என்று முன்னுரையில் அறிவித்த மனிதர், குடம் தூக்கிய கொள்ளையனின் கதையைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். காதில் விழுந்தது நன்றாக இருந்தால், தாம் வகுத்த நோக்கத்தை மறந்துவிடுபவர் அவர். அந்த மறதிக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். நூறாண்டுப் போரின் பெரும்பகுதி கிரெசி மாதிரி நடக்கவில்லை, துரி மாதிரிதான் நடந்தது.

10 மார்ச், காலை

நேற்றைய குறிப்பில் ஃப்ருவாசாரைக் கொஞ்சம் அதிகமாகவே தூக்கிவைத்துவிட்டேன் என்று தோன்றுகிறது. துரியின் உண்மையான பெண்கள் அன்று காலை என்ன ஆனார்கள் என்று பாஸ்கோ சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. நானும் நேற்று கேட்கவில்லை.

13 மார்ச்

ஒரு தரப்பின் பேச்சை மட்டுமே கேட்டார் என்ற உங்கள் புதிய குறிப்புக்கு: 1385-இல் போர்த்துகல், காஸ்தீல் நாட்டுப் படையை அல்ஜுபரோட்டாவில் முறியடித்தது. ஓர்தேஸில் அவர் கேட்டது தோற்ற தரப்பின் கதை, ஏனென்றால் அந்தப் பக்கத்து வீரர்கள் பலர் காஸ்தீல் படையில் போய்ச் செத்திருந்தார்கள். வடக்கே திரும்பி, சில காலம் கழித்துப் புரூஜ் நகரில் இருக்கும்போது, மிடல்பர்க் துறைமுகத்துக்குப் போர்த்துகல் அரசரின் ஆலோசகர்களில் ஒருவரான நைட் வந்திருக்கிறார் என்று கேள்விப்படுகிறார். உடனே படகேறி அங்கே போய், நாள்கணக்கில் அவரோடு உட்கார்ந்து மறுதரப்பை எழுதிக்கொள்கிறார். (பாச்சேகோ என்ற அந்த நைட்டின் பெயரைத்தான் சின்னாபின்னமாக்கினார்; 6 மார்ச் குறிப்பைக் காண்க.) ஒரே போர் அவர் நூலில் இரண்டு முறை வருகிறது, இரண்டும் முழுக்க ஒத்துப்போகவில்லை. இரண்டையும் கலந்து வடிகட்டி ஒன்றாக்கித் தந்திருந்தால் படிக்கச் சுலபமாக இருந்திருக்கும், நமக்குப் பயன் குறைந்திருக்கும்.

17 மார்ச், இரவு

லிமோழ் நகரத்துச் சாவுக் கணக்கே நிற்காது என்று எழுதியிருக்கிறீர்கள். லிமோழை எடுத்துவருவீர்கள் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தேன்.

செப்டம்பர் 1370. எட்வர்டின் மூத்த மகனான கறுப்பு இளவரசர் நோயுற்றுப் பல்லக்கில் சுமந்துவரப்பட்ட நிலையில், தம்மை விட்டு பிரான்ஸ் பக்கம் சாய்ந்த லிமோழ் நகரைப் பிடிக்கிறார். ஆண், பெண், குழந்தை என்று மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள் என்றும், மக்கள் மண்டியிட்டுக் கருணை கேட்டும் இளவரசர் செவிசாய்க்கவில்லை என்றும், அவர்கள் உண்மையான தியாகிகள் என்றும் ஃப்ருவாசார் எழுதினார். அறுநூறு ஆண்டுகளாக இளவரசரின் பெயரில் ஒட்டியிருக்கும் கறை இந்த ஒரு பத்தியால் வந்தது.

நீங்கள் சொல்வது போல, அந்த எண்ணிக்கை நிற்காது. தாக்குதல் முடிந்த சில நாள்களில் இளவரசரே எழுதிய கடிதம் ஒன்று நம் காலத்தில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இருநூறு நைட்டுகளையும் வீரர்களையும் சிறைபிடித்ததாக அதில் இருக்கிறது. பொதுமக்கள் படுகொலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. லிமோழ் மடத்துத் துறவியின் குறிப்பை வைத்துப் பார்த்தால் சாவு மூவாயிரத்தில் பத்தில் ஒரு பங்குதான். அந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது தெரியுமா? ஃபுவாச் சிற்றரசர் காஸ்தோன் ஃபெபுஸுக்கு. பதினெட்டு ஆண்டுகள் கழித்து நள்ளிரவில் தீவட்டி வெளிச்சத்தில் பாட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்ட அதே மனிதருக்கு.

முதலில் இதைப் படித்தபோது ஃப்ருவாசார் தோற்றுவிட்டார் என்றே நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். வென்றவர் தம் நண்பரான பிரபுவுக்கு எழுதும் கடிதத்தில் சிறைபிடித்த நைட்டுகளின் கணக்கு இருக்கும், ஏனென்றால் அவர்கள் மீட்புப் பணம். செத்துப்போன தெருவாசிகளின் கணக்கு இருக்க வேண்டிய தேவையே இல்லை. கிரெசி வயலில் கட்டியக்காரர்கள் செய்ததுதான் இது. எனவே கடிதத்தின் மௌனத்தை வைத்து யாரும் சாகவில்லை என்று சொல்லிவிட முடியாது. அதே சமயம், மூவாயிரம் என்பதை அதனால் காப்பாற்றவும் முடியாது. எண் தவறு.

எனக்குப் புரியாதது வேறொன்று. இந்த இளவரசர் ஃப்ருவாசாரின் பழைய எசமானியான பிலிப்பாவின் மகன். 1367 ஜனவரியில் போர்தோ நகரில் இளவரசருக்கு மகன் பிறந்தபோது ஃப்ருவாசார் அங்கேதான் இருந்தார்; மேசையில் உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு பிரபு வந்து, இதை எழுதிவைத்துக்கொள் என்று சொன்னாராம். அவ்வளவு நெருங்கிப் பழகிய குடும்பத்தின் தலைப்பிள்ளை மீது இப்படி ஒரு பழியை எழுதினார். சோறு போட்டவர்களுக்காக எழுதினார் என்ற விளக்கம் இந்தப் பத்தியில் வந்து முட்டிக்கொள்கிறது.

18 மார்ச்

மேலே எழுதியதை இன்று மறுபடி படித்தேன். ஒன்றை விட்டுவிட்டேன். அதே லிமோழ் காட்சியின் இறுதியில் பிரெஞ்சு நைட்டுகள் மூவர் சுவரில் முதுகை வைத்துக்கொண்டு வீரமாகச் சண்டையிடுகிறார்கள். பல்லக்கிலிருந்து அதைப் பார்த்த இளவரசரின் கோபம் தணிகிறது. அவர்கள் சரணடைந்து உயிர் பிழைக்கிறார்கள். மண்டியிட்ட மக்களுக்குக் கிடைக்காத கருணை வாளெடுத்த மூவருக்குக் கிடைக்கிறது. முன்னதற்கு அழும் ஃப்ருவாசார் பின்னதை ரசிக்கிறார். இரண்டுக்கும் நடுவில் அவர் மூச்சு வாங்கக்கூட நிற்பதில்லை.

24 மார்ச்

விவசாயிகளைப் பற்றி அவர் எழுதியதற்காக வாதாட எனக்கு விருப்பமில்லை. 1358-இல் பாரிசைச் சுற்றிய பகுதிகளில் எழுந்த ழாக்கரிக் கிளர்ச்சியை அவர் வெறிநாய்க் கூட்டத்தின் கதை போலவே சொல்கிறார். மோ நகரில் பிரபுக்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கிளர்ச்சிக்காரர்களைக் கொன்றுதள்ளியதை ஒரு வேட்டையின் உற்சாகத்தோடு எழுதுகிறார். அதை நடத்திய இருவரில் ஒருவர் யாரென்றால், மறுபடியும் காஸ்தோன் ஃபெபுஸ். (இந்த இழையில் எந்தக் கதவைத் திறந்தாலும் இவர் நிற்கிறார்.) கொடூரங்களின் பட்டியல் பெரும்பாலும் ழான் ல பெல்லிடமிருந்து வாங்கியது, இந்த முறை எங்கும் போய் விசாரித்ததாகத் தெரியவில்லை. சீமாட்டி விஷயத்தில் அரசருக்குக் கிடைத்த விசாரணை குடியானவனுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் 1381-இல் இங்கிலாந்தில் நடந்த கிளர்ச்சியை எழுதும்போது, பைத்தியக்காரப் பாதிரி என்று திட்டிவிட்டே, ஜான் பாலின் பிரசங்கத்தை நீளமாகத் தருகிறார். அவர்களுக்கு வெல்வெட்டும் மென்மயிர்த் தோலும், நமக்குக் கந்தல். அவர்களுக்குத் திராட்சை மதுவும் நல்ல ரொட்டியும், நமக்குத் தவிடும் தண்ணீரும். எல்லாம் பொதுவாகும் வரை இந்த நாட்டில் எதுவும் சரியாகாது என்று அந்தப் பேச்சு போகிறது. திட்டுவதற்காக எடுத்து வைத்தவர் அதைக் குலைக்காமல் வைத்துவிட்டார். பேச்சு நன்றாக இருந்தது போலும்.

31 மார்ச்

எந்தப் பதிப்பை நம்பலாம் என்று கேட்கிறீர்கள். ஒரே ஃப்ருவாசார் இல்லை. முதல் பாகத்தை அவர் வாழ்நாள் முழுக்கத் திருப்பித் திருப்பி எழுதினார். கடைசி வடிவம் இன்று ரோமில், வத்திக்கான் நூலகத்தில் உள்ள படி. 1399-க்குப் பிறகு எழுதியது. 1350-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு நின்றுவிடுகிறது.

1399 ஏன் முக்கியம் என்பதற்கு அவருடைய இங்கிலாந்துப் பயணத்தைச் சொல்ல வேண்டும். இருபத்தேழு ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்க்காத நாட்டுக்கு 1395-இல் போகிறார். அரசர் இரண்டாம் ரிச்சர்ட், போர்தோவில் பிறந்த அதே குழந்தை. போய் இறங்கியபோது தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பழகியவர்களில் பெரும்பாலோர் செத்துவிட்டார்கள். இவரைத் தெரியாத அவர்களுடைய பிள்ளைகள்தான் அரண்மனையில் இருக்கிறார்கள். செந்நிற வெல்வெட் உறையிட்ட தம் கவிதைப் புத்தகத்தைக் கொடுக்கிறார். எதைப் பற்றியது என்று அரசர் கேட்க, காதலைப் பற்றி என்கிறார். அரசர் மகிழ்ந்து அங்கங்கே புரட்டிப் படித்துப் பார்க்கிறார். நான்கு ஆண்டுகளில் அந்த அரசரை அரியணையிலிருந்து இறக்கிச் சிறையில் அடைத்துவிட்டார்கள். 1400-இல் சிறையிலேயே இறந்தார்.

அதன் பிறகு உட்கார்ந்து, அறுபது வயது கடந்தவர், தம் இளமைக் காலத்து இங்கிலாந்தை முதலிலிருந்து மறுபடி எழுதுகிறார். ரோமப் படியில் ஆங்கிலேயர் மீதான பழைய மயக்கம் குறைந்திருக்கிறது. வெற்றி தரும் வரைதான் அரசனைத் தாங்குவார்கள் என்ற கசப்பு வந்திருக்கிறது. கிரெசியில் நடந்தது மாறவில்லை. 1399-ஐப் பார்த்துவிட்ட கண்ணுக்கு 1346 வேறாகத் தெரிகிறது. எது சரியான ஃப்ருவாசார் என்று எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. என் பழைய செய்தி நறுக்குகளை எடுத்துப் பார்த்தால் எனக்கும் இதே சங்கடம்தான். இன்று எழுதினால் அந்தப் பேருந்துச் செய்தி கூரையிலிருந்து தொடங்கும்.

7 ஏப்ரல்

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டதற்குச் சுருக்கமான விடை: முதல் பாகத்திலிருந்து வேண்டாம், மூன்றாம் பாகத்திலிருந்து தொடங்குங்கள். பாமியேயில் இவரும் எஸ்பானும் குதிரையேறும் இடம்.

அதில் ஓரிடத்தைக் கவனியுங்கள். காஸ்தோன் ஃபெபுஸின் ஒரே முறைப்படியான மகன் எப்படிச் செத்தான் என்று ஃப்ருவாசார் வழியில் கேட்கிறார். எல்லாவற்றுக்கும் விடை சொன்ன எஸ்பான் இதற்குச் சொல்ல மறுக்கிறார். ஓர்தேஸுக்குப் போனால் சொல்ல ஆள் கிடைப்பார் என்கிறார். அங்கே போனதும் இவர் விடாமல் விசாரித்து, ஒரு கிழவரிடமிருந்து கேட்டு எழுதுகிறார்: மாமன் கொடுத்த நஞ்சுப் பொடி, அதைத் தின்று செத்த நாய், சிறையில் உண்ண மறுத்த பையன், நகம் வெட்டிக்கொண்டிருந்த சிறு கத்தியைக் கையில் வைத்தபடியே வந்த அப்பா, கழுத்தில் பட்ட ஒரு கீறல். அந்த அப்பாவின் வீட்டில்தான் இவர் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.